தஞ்சாவூர் ஓவியப் பெட்டி: அச்சுக் கிருஷ்ணர் வேண்டாம், வெறும் பலகை வாங்குங்கள்

பத்தாம் வகுப்போடு டிராயிங் நோட்டை மூடிவைத்தவர்கள், நாற்பது தாண்டிய பிறகு "ஒரு தஞ்சாவூர் படமாவது என் கையால் போட்டுவிட வேண்டும்" என்று கிளம்பினால் முதலில் கண்ணில் படுவது இந்தப் பெட்டிதான். தஞ்சாவூர் கைவினைக் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கிறது. உள்ளே 10க்கு 8 அங்குலப் பலகை, சாக் பவுடர், மக்குப் பொடி, பிசின், ஜெய்ப்பூர் கற்கள், ரேக்கு (மேலே ஒட்டும் தங்க நிற மென்தகடு), போஸ்டர் கலர், இரண்டு பிரஷ். பலகையில் வெண்ணெய்க் கிருஷ்ணர் கோடாக அச்சாகியிருப்பார். சில பெட்டிகளில் மக்கு வேலையும் (நகை, தூண் போன்றவற்றைக் குழைத்த பொடியால் புடைப்பாக எழுப்புவது) முடிந்தே வரும்; ரேக்கு ஒட்டிக் கலர் அடித்தால் போதும். இப்படி அச்சடித்த பலகையோடு வரும் பெட்டியை வாங்கவே வாங்காதீர்கள்.

பொருட்களில் பெரிய குறை இல்லை. குறை அந்த அச்சுக் கோட்டில்தான் இருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து வரைய உட்காருபவருக்குக் கை நடுங்குவது பத்து நாளில் சரியாகிவிடும். என்ன வரைவது என்று மனசுக்குள் ஒன்றுமே எழாமல் இருப்பதுதான் கஷ்டம். அச்சுப் பலகை அதைத் தொடுவதே இல்லை. கேட்டால் பல கடைகளில் அதற்குப் பதிலாகத் துணி ஒட்டிச் சாக் பூசிய வெறும் பலகை தருவார்கள். அதையே கேளுங்கள்.

பலகையைத் தொடுவதற்கு முன் ஒரு வாரம் காகிதத்தில் செலவிடுங்கள். 5க்கு 4 அங்குலத்தில் பத்துக் கட்டங்கள், ஒன்றுக்கு இரண்டு நிமிஷம், ரப்பர் கூடாது. முதல் மூன்று நான்கில் பெரும்பாலும் காலண்டர் படம்தான் வரும். வரட்டும், அது தீர்ந்த பிறகுதான் சொந்தமாக ஏதாவது வரும். "எந்தச் சாமி?" என்று ஆரம்பிக்காமல் "எந்த இடம்?" என்று ஆரம்பித்தால் இன்னும் சுலபம். ஆடிப்பெருக்கன்று திருவையாறு படித்துறையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூர் பாணிக்கு நடுவில் பெரிய உருவம் வேண்டும், அதைச் சுற்றித் தூண், தோரணம், திரை வேண்டும். பிள்ளைகள் இழுத்து வரும் சப்பரமே தோரணமாகட்டும். காதோலை கருகமணியோடு காவிரித்தாய் நடுவில். தங்கம் சப்பரத்துக்கும் நகைக்கும் மட்டும். ஆற்றுக்குக் கலர் போதும். இது மரபை மீறுவதாகாது. சாமி படங்கள் மட்டுமல்ல, தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் உருவப்படங்களும் இந்தப் பாணியில் இருக்கின்றன. அவர்களில் ஒருவரான இரண்டாம் சரபோஜி (1798–1832) காலத்தில் செழித்த கலை இது.

கோடு போடும்போதே ரேக்கை நினைவில் வையுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்குள் நெருங்கும் கோடுகள் ரேக்குக்கு அடியில் ஒன்றாகிவிடும். நகையில் மணி குறைவாக, பெரிதாக இருக்கட்டும். பலகைக்கு மாற்ற நீலக் கார்பன் வேண்டாம், முகத்தின் வெளிர் நிறத்தில் கோடு தெரியும். படத்தைப் பலகை அளவுக்கு டிரேசிங் தாளில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் குத்தி, கரித்தூளைத் துணியில் முடிந்து ஒற்றி எடுங்கள்.

அடுத்து மக்கு. சாக் பவுடரும் மக்குப் பொடியும் பிசினில் குழைந்து, கட்டியில்லாமல் தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். முதலில் கற்களை ஒட்டுங்கள், பிறகு சுற்றிலும் 0 நம்பர் பிரஷால் மக்கை ஏற்றுங்கள். ஒரே மூச்சில் உயரம் கொண்டுவந்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும், மறுநாள் வெடிப்பு விடும். மூன்று நான்கு மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. பிசின் குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். கூடினால் காயும்போது சுருங்கி நடுவில் பள்ளம் விழும். வெயிலில் காயவைத்தால் பலகை வளையும், அதனால் நிழலில்தான். டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். ஈரக்காற்றில் பூச்சு காயாது, துணியில் பூஞ்சை பிடிக்கும். தை முதல் ஆடி வரை நல்ல காலம்.

ரேக்கைப் பற்றிக் கடைக்காரரிடம் கறாராகக் கேளுங்கள். அசல் ரேக்கு வெள்ளித் தகட்டின் மேல் 22 கேரட் தங்கம் ஏற்றியது. மலிவுப் பெட்டிகளில் பித்தளை நிற இமிட்டேஷன் வரும், நாளாவட்டத்தில் கறுத்துவிடும். பழகுவதற்கு அது போதும், சொந்தப் படத்துக்குக் கூடாது. பிசினைத் தடவி, விரல் வைத்தால் லேசாக ஒட்டும் பதம் வந்ததும், தேவைக்குச் சற்றுப் பெரிதாக வெட்டிய ரேக்கை வையுங்கள். கல் இருக்கும் இடத்தில் கூர்முனையால் கிழித்து, பல்குச்சியால் மடிப்புகளில் அழுத்துங்கள். ஈரத்தில் வைத்தால் ரேக்கு நகர்ந்து கிழியும்.

பெட்டியில் வரும் கலர்கள் சுமார், சிவப்பும் பச்சையும் மட்டும் தனியாக வாங்கிக்கொள்ளலாம். பிரஷ்கள் மோசம், முடி உதிர்கிறது. கண்ணைக் கடைசியாகத்தான் திறக்க வேண்டும், புது 0 நம்பர் பிரஷால்.

ஃபிரேம் போடும்போது கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவே கால் அங்குலமாவது இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் கல் இடித்து மக்கு உதிரும். மிஞ்சுகிற பொடியும் பிசினும் இன்னொரு சின்னப் பலகைக்குத் தாராளமாகப் போதும். அடுத்த முறை முழுப் பெட்டி வாங்காமல் பலகையும் ரேக்கும் மட்டும் கேளுங்கள்.