கழுதைப்புலி நாய்க் குடும்பமா? ஒரு அட்டை விளையாட்டு விமர்சனம்

மகளுக்காகப் புத்தகக் கண்காட்சியில் 350 ரூபாய்க்கு வாங்கியது. 60 விலங்கு அட்டைகள். ஒரே குடும்பத்து விலங்குகள் நான்கைச் சேர்த்தால் ஒரு செட். படங்கள் அருமை, தண்ணீர் கொட்டியும் தாள் ஊறவில்லை. ஆனால் குடும்பம் பிரித்ததில் கோட்டை விட்டிருக்கிறார்கள். விளையாட்டே அதை வைத்துத்தான் என்னும்போது அப்புறம் என்ன மிச்சம்?

கழுதைப்புலியை ஓநாய், நரியோடு போட்டிருக்கிறார்கள். பார்க்க நாய் மாதிரி இருக்கிறது, நகத்தைப் பூனை போல உள்ளே இழுத்துக்கொள்ளாது, சரி. ஆனால் ஊனுண்ணிகளில் நாய்ப் பக்கம், பூனைப் பக்கம் என்று இரண்டு பெரிய கிளைகள் உண்டு, அதில் இது பூனைப் பக்கம், கீரிக்குத்தான் நெருங்கிய சொந்தம். உலகத்திலேயே மொத்தம் நான்கு இனம்தான்: நம் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் திரியும் வரிக் கழுதைப்புலி, ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி, பழுப்புக் கழுதைப்புலி, பெரும்பாலும் கறையான் தின்றே வாழும் ஆர்டுவுல்ஃப். நான்கே நான்கு! தானாக வந்து விழுந்த செட்டைக் கோட்டை விட்டுவிட்டு, வரியையும் புள்ளியையும் மட்டும் ஓநாயோடு சேர்த்திருக்கிறார்கள்.

அடுத்தது பெயரால் வந்த வினை. நீர்நாய், மரநாய் இரண்டும் ஒரே செட். நீர்நாய் நிஜமாகவே நாய்ப் பக்கம்தான், மரநாயோ புனுகுப்பூனையின் பங்காளி. மீர்கேட் அணிலோடு இருக்கிறது, நிமிர்ந்து உட்காருகிறதே என்று நினைத்தார்களோ என்னவோ, அது அசல் கீரிக் குடும்பம்.

கீரி அட்டையின் பின்பக்கக் குறிப்புக்கு மட்டும் முழு மார்க். நல்ல பாம்பின் நஞ்சு வந்து ஒட்ட வேண்டிய இடம், தசையில் நரம்பின் சேதியை வாங்கும் ஏற்பி, கீரிக்கு வேறு மாதிரி அமைந்திருப்பதால் நஞ்சு சரியாக ஒட்டுவதில்லை என்று எளிமையாகச் சொல்லி, அதற்காக அது சாகவே சாகாது என்றில்லை என்றும் சேர்த்திருக்கிறார்கள். கடிபட்டதும் கீரி ஓடிப்போய் மூலிகை தின்னும் என்று ஆயிரம் முறை சொன்ன என் அப்பாவிடம் மகள் இதை வாசித்துக் காட்டினாள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

5க்கு 2.5. நாங்கள் மார்க்கரால் திருத்தி விளையாடுகிறோம். பழுப்புக்கும் ஆர்டுவுல்ஃபுக்கும் அட்டையே இல்லாததால் மகளே வரைந்து செருகியிருக்கிறாள், ஆனால் அவை நோட்டுத் தாள் என்பதால் யார் கையில் இருக்கிறதென்று எதிரிலிருந்தே தெரிந்துவிடுகிறது.