தடுப்பதா, தொடர்ந்து பார்ப்பதா?

கோவிட் காலத்தில் நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஓய்வெடுக்கவில்லை, நின்றுபோனது சிகிச்சைதான். 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் 155 நாடுகளிடம் விசாரித்தபோது, 53 சதவீத நாடுகளில் இரத்த அழுத்த சிகிச்சை ஓரளவோ முழுதுமோ தடைபட்டிருந்தது.

சரி, இந்த நோய்களுக்காக அரசு இனி காசை எதில் போடுவது?

ஒரு வழி, வருமுன் தடுப்பது: புகையிலை வரி, பாக்கெட் உணவில் உப்புக் கட்டுப்பாடு. செலவு குறைவு, வரியால் வரவும் உண்டு. ஆனால் பலன் தெரியப் பல ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் ஆட்சியே மாறிவிடலாம்.

இன்னொன்று, வீட்டருகே தொடர் சிகிச்சை: பரிசோதனை, செவிலியர் கண்காணிப்பு, மூன்று மாத மாத்திரை ஒரே தடவையில். ஆள், மருந்து, பதிவேடு என்று ஆண்டுதோறும் செலவு இழுக்கும். ஆனால் மறுபடி ஊரடங்கு வந்தாலும் மாத்திரை கையில் இருக்கும். அப்புறம், இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாது. உலகில் அது உள்ள பெரியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. யாராவது கையில் பட்டையைச் சுற்றி அளந்தால்தான் உண்டு. இதை எந்த வரியும் செய்யாது.

என்னைக் கேட்டால், முதலாவதற்குச் சட்டமும் துணிச்சலும் போதும். பட்ஜெட் பணத்தின் பெரும்பங்கு இரண்டாவதற்குப் போகட்டும்.