தம்பிக்குத் தைத்த மெசஞ்சர் பை: மூன்று மழைக்காலம் கழித்து

கையால் தைத்துக் கொடுத்த பரிசைப் பற்றி, அதை வாங்கிக்கொண்டவரிடம் உண்மையான கருத்துக் கேட்டு வாங்குவது கஷ்டம். "பை எப்படிடா இருக்குது?" என்று கேட்டால் "சூப்பரா இருக்குதுக்கா" என்பான் தம்பி. 2022 தீபாவளிக்கு அவனுக்கு நான் தைத்துக் கொடுத்த மெசஞ்சர் பை, அதாவது ஒற்றைப் பட்டையைத் தோளில் குறுக்காக மாட்டிக்கொள்கிற பை. இத்தனை காலத்தில் அவன் வாயிலிருந்து ஒரே ஒரு குறை தவிர வேறு வந்ததில்லை. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவன் ஈரோட்டுக்கு வரும்போது பையும் கூடவே வரும். துவைத்துத் தருகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டு உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தால், அவன் சொல்லாமல் விட்டதெல்லாம் தெரிந்துவிடும். கீழே எழுதியிருப்பது பெரும்பாலும் அப்படிப் பார்த்தது.

பைக்கு என்ன வேலை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தாம்பரத்தில் ஏறி எழும்பூரில் இறங்குகிற மின்சார ரயில் பயணம். உள்ளே லேப்டாப், சார்ஜர், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மழைக்காலத்தில் குடை. எல்லாம் சேர்த்து நாலு கிலோவுக்குக் குறையாது. கூட்டத்தில் பையை முன்பக்கம் இழுத்து அணைத்துக்கொண்டு நிற்க வேண்டும். முதுகுப் பையில் அது அவ்வளவு சுலபமில்லை என்பதால்தான் இந்த வகைப் பையைத் தேர்ந்தெடுத்தேன்.

துணி 10 அவுன்ஸ் காட்டன் கேன்வாஸ். சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 340 கிராம் வரும். ஈரோடு கனி ஜவுளி மார்க்கெட் பக்கத்தில் ஒரு கடையில், 58 அங்குல அகலத்தில் ஒரு மீட்டர் எடுத்தேன். திங்கட்கிழமை இரவே அங்கே வாரச் சந்தை தொடங்கிவிடும்; சில்லறையாக வாங்குகிற நம்மைப் போன்றவர்கள் மறுநாள் கூட்டம் குறைந்த பிறகு போவது நல்லது. பையின் அளவு 16 அங்குல அகலம், 12 உயரம், 4 ஆழம். 15.6 அங்குல லேப்டாப் தாராளமாக உட்காரும். தையலுக்குச் சுற்றிலும் அரை அங்குலம் விட்டால் முன்பக்கம், பின்பக்கம், மூடி மூன்றுமே 17க்கு 13 என்று ஒரே அளவில் வந்துவிடும். பக்கவாட்டுக்கும் அடிக்கும் சேர்த்து 5 அங்குல அகலத்தில் 41 அங்குல நீளப் பட்டை ஒன்று. அவ்வளவுதான் வெட்டு. மிச்சத் துணியில் வெளிப்பாக்கெட்.

வெட்டுவதற்கு முன் துணியை இரண்டு மூன்று தடவை அலசி நிழலில் காயவைத்தேன். காட்டன் கேன்வாஸ் சுருங்கும். அதைவிட முக்கியம் சாயம். நான் எடுத்தது கரும்பச்சை. சென்னை வியர்வையில் சட்டையோடு நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிற பை அது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒட்டாமல் நிற்கிற உபரிச் சாயம் அலசலில் போய்விடுவதுதான் விஷயம். தண்ணீர் தெளியும்வரை அலசினால் போதும். அவன் வெள்ளைச் சட்டைகளில் இதுவரை பச்சை ஏறவில்லை. மாறாக, ஜீன்ஸின் நீலம்தான் பையின் பின்பக்கத்தில் ஏறியிருக்கிறது. அது போகவே மாட்டேன் என்கிறது.

தைத்தது வீட்டிலிருக்கும் உஷா கால் மெஷினில். 18ஆம் நம்பர் ஊசி, பாலியெஸ்டர் நூல். காட்டன் நூல் வியர்வையில் சீக்கிரம் இற்றுப்போகும். தையலைக் கொஞ்சம் நீளமாக வைத்துக்கொள்ள வேண்டும். பொடித்தையல் போட்டால் கேன்வாஸில் ஓட்டை வரிசையாக விழுந்து, தபால்தலை மாதிரி அந்த இடத்திலேயே கிழியும். தையல்கள் ஒன்றுசேர்கிற இடங்களில் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, மிதிக்காமல் கையால் சக்கரத்தைச் சுற்றியே கடந்தேன். தோளில் மாட்டுகிற பட்டை பையோடு பொருந்துகிற இடத்தில் மட்டும் மெஷினை வதைக்கவில்லை. மோட்டார் பைக்குக்கு சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்தால், தடி நூலில் கட்டமும் குறுக்கே பெருக்கல் குறியுமாக இரண்டு நிமிஷத்தில் அடித்துத் தந்துவிடுவார்கள். இது நான் எல்லோருக்கும் சொல்கிற யோசனை. முழுப் பையையும் நாமே தைத்தோம் என்ற பெருமைக்காக வீட்டு மெஷினைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இனி பை என்ன ஆனது என்று பார்ப்போம்.

துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வெளுத்திருக்கிறது, மெத்தென்று ஆகியிருக்கிறது, கிழியவில்லை. அடிப்பக்க மூலைகள் இரண்டும்தான் முதலில் போயின. ரயிலில் தரையில் வைப்பது, அலுவலகத்தில் நாற்காலிக் காலோடு உரசுவது எல்லாம் அந்த இடத்தில்தான். நூல் பிரிந்து வெள்ளையாகத் தெரிய ஆரம்பித்ததும் ரெக்ஸின் துண்டு வெட்டி மூலைக்கு ஒன்றாக ஒட்டுப் போட்டேன். பார்க்க நன்றாகவே இருக்கிறது. முதலிலேயே போட்டிருந்தாலும் அலங்காரம் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

பெரிய கதை டி ரிங்குடையது. தோள் பட்டையைப் பையோடு இணைக்கிற, D எழுத்து வடிவிலான அந்த இரும்பு வளையத்தைக் கடையில் சில்லறைக் காசுக்குத் தருவார்கள். பெரும்பாலானவை கம்பியை வளைத்து முனைகளைச் சும்மா சேர்த்து வைத்தவை; பற்றவைத்திருக்க மாட்டார்கள். முதல் வருஷத்துக்குள்ளேயே பை ஊருக்கு வந்தபோது பார்க்கிறேன், இடது பக்கத்தில் டி ரிங்கே இல்லை. அந்த இடத்தில் ஒரு சாவி வளையம். பாரம் இழுத்து இழுத்து வளையத்தின் வாய் பிளந்திருக்கிறது. பட்டை நழுவி வெளியே வந்திருக்கிறது. இவன் வீட்டுச் சாவியைக் கழற்றிவிட்டு அந்த வளையத்தை மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் போய் வந்திருக்கிறான். வட்ட வளையத்தில் ஒன்றரை அங்குலப் பட்டை நேராக நிற்காதே, நடுவில் குவிந்து ஓரமெல்லாம் பஞ்சாகிக் கிடந்தது. "ஏன்டா சொல்லலை?" என்றால், "அதுதான் நல்லாத்தானே புடிச்சிருந்ததுக்கா" என்கிறான். வலது பக்க வளையம் திறக்கவில்லை, ஆனால் துரு. துணியில் ஆரஞ்சு நிறக் கறை பிறை வடிவில் படிந்திருந்தது. இரண்டையும் கழற்றிவிட்டு வாய் பற்றவைத்த பித்தளை வளையம் போட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தொந்தரவே இல்லை. விலை சில மடங்கு அதிகம்தான். மொத்தப் பையில் அது ஒரு பொருட்டல்ல.

பட்டை விஷயத்தில் இன்னும் எனக்கு இரண்டு மனசு. முதலில் போட்டது காட்டன் பட்டை. தோளில் வழுக்காது, உறுத்தாது. ஆனால் வியர்வையைக் குடிக்கும், காய நேரமாகும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நனைந்த பை, வெயிலே இல்லாமல் அறைக்குள்ளேயே தொங்கிக் காய்ந்திருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது பட்டை நெடுகக் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை. வினிகரில் ஊறவைத்ததில் நாற்றம் போனது, புள்ளி போகவில்லை. அதை எடுத்துவிட்டு நைலான் பட்டை மாற்றினேன். சீக்கிரம் காய்கிறது. ஆனால் அட்ஜஸ்டரில் நிற்காமல் மெல்ல மெல்ல இறங்குகிறது. காலையில் இடுப்பில் இருந்த பை மாலையில் தொடைக்கு வந்துவிடும். எந்த நீளத்தில் நிற்க வேண்டுமோ அங்கே குறுக்கே கைத்தையல் போட்டு நிறுத்தியிருக்கிறேன். தோள்படுகிற இடத்தில் மட்டும் கேன்வாஸ் உறை. இப்போதைக்கு ஓடுகிறது.

மழையைப் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். கேன்வாஸ் தூறல் தாங்கும். நனைந்ததும் நூல் உப்பி நெசவு இறுகிக்கொள்வதால் கொஞ்ச நேரம் தண்ணீர் உள்ளே வராது. அடைமழைக்கு அது போதாது. மெழுகு தேய்த்து இஸ்திரி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கும் தூசிக்கும் எனக்கு அது ஒத்துவரும் என்று தோன்றவில்லை. நான் செய்தது, கம்பி ஒடிந்த பழைய குடையின் துணியைப் பிரித்து மூடிக்குள் இரண்டு அடுக்குக்கும் நடுவே வைத்துத் தைத்தது. மேலிருந்து இறங்குகிற தண்ணீர் அதோடு நின்றுவிடுகிறது. பக்கத் தையல் ஓட்டைகள் வழியாகக் கசிவது கசிகிறதுதான். லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள் என்று சொல்லியிருக்கிறேன். புயலன்று அதுதான் காப்பாற்றியது.

மூடியை ஒட்டி மூட முதலில் வைத்தது வெல்க்ரோ. அது வேண்டாம். பஞ்சும் முடியும் சேர்ந்து ஒரு வருஷத்தில் பிடிப்பு போய்விட்டது. மீட்டிங் நடக்கும்போது திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம். அதை மட்டும் அவனாகவே சொன்னான். இப்போது காந்த பட்டன். அதன் பல் போகிற இடத்தில் பின்னால் ரெக்ஸின் வைக்காவிட்டால் துணி பிய்ந்துவிடும்.

நான் செய்ததிலேயே எனக்குப் பிடித்தது லைனிங். இளமஞ்சள் கட்டம் போட்ட கைத்தறித் துணி. தனிப் பையாகத் தைத்து வாய்ப்பக்கம் மட்டும் வெளிப்பையோடு சேர்த்திருந்தேன். அதனால் அப்படியே வெளியே உருவித் துவைக்கலாம். ஒருமுறை டிபன் பாக்ஸ் மூடி சரியில்லாமல் சாம்பார் முழுக்க அடியில் இறங்கிவிட்டது. உருவி, சோப்புப் போட்டு, நல்ல வெயிலில் இரண்டு நாள் கிடத்தியதில் மஞ்சள் கறை முக்கால்வாசி வெளுத்தது. வெளிர் நிறமாக இருப்பதால் உள்ளே சாவியோ பென் டிரைவோ கிடந்தால் தேடாமல் தெரியும். கறுப்பு லைனிங் போட்ட கடைப் பைகளில் கையை விட்டுத் துழாவ வேண்டியிருப்பது எனக்கு எப்போதுமே எரிச்சல்.

உள்ளே ஆசையாசையாகப் போட்ட பாக்கெட்டுகளில் பாதி புதுசாகவே இருக்கின்றன. மூன்று பேனா அறைகளில் ஒன்றில்கூட மையின் தடம் இல்லை. ஜிப் வைத்த சிறு அறையில் ஒரு பழைய பிளாட்பாரம் டிக்கெட் மட்டும் இருந்தது. ஆனால் பின்பக்கம், உடம்போடு ஒட்டினாற்போல் வருகிற வெளிப்பாக்கெட்டின் வாய் ஓரம் தேய்ந்து இரண்டு முறை மாற்றித் தைத்தாயிற்று. போன், பர்ஸ், கைக்குட்டை எல்லாம் அதில்தான். திருட்டு பயமும் இல்லை. அடுத்த பைக்கு அந்த வாயில் இரட்டை மடிப்பும் பைப்பிங்கும் உண்டு.

அடுத்த பை என்றதும் ஞாபகம் வருகிறது. அவன் அலுவலகத்தில் ஒருவர், தன் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாகத் தர வேண்டும், இதே மாதிரி ஒன்று தைத்துக் கொடுப்பீர்களா என்று கேட்டிருக்கிறார். பொருள் செலவு ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்குள் முடியும். கூலி என்ன சொல்வது என்றுதான் இன்னும் யோசிக்கிறேன். லேப்டாப் அளவையும், பை எங்கே தொங்க வேண்டும் என்று தோளிலிருந்து இடுப்புவரை டேப் பிடித்த அளவையும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அவர் ஆறு பேனா அறை கேட்டார். ஒன்றுதான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்.