சேஃப் மோடைக் காட்டி மதர்போர்டுக்குப் பணம் கேட்கிறார்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதிலும் சாட்ஸ்வொர்த் பக்கம், லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

விண்டோஸ் அப்டேட் ஆன கையோடு என் லேப்டாப்பில் சிக்கல். பாஸ்வேர்டு போட்டதும் திரை கறுத்துவிடும், மவுஸ் அம்பு மட்டும் நகரும். கோயில் தைப்பூசக் காவடிப் பதிவெல்லாம் அதில்தான் இருந்தது. "விட்டுட்டுப் போங்க அங்கிள், பார்த்து வைக்கிறேன்" என்றார் கடைக்காரத் தம்பி.

அப்புறம் கூப்பிட்டுக் காட்டினார். கறுப்புப் பின்னணி, பூதாகாரமான ஐகான்கள். பாட்டுப் போட்டால் சத்தமில்லை, வைஃபையும் இல்லை. "லோட் ஷெடிங்ல போர்டு அடிவாங்கிடுச்சு அங்கிள், மதர்போர்டு மாத்தணும். 4,200 ரேண்ட் ஆகும்." லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது, என்று சொல்லிவிட்டால் இந்த நாட்டில் யார் மறுகேள்வி கேட்கப் போகிறார்கள்!

ஆனால் திரையின் நான்கு மூலையிலும் 'சேஃப் மோட்' என்று எழுதியிருந்தது. வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பினால், சோதித்துப் பார்த்த கூலி என்று 650 ரேண்ட் வாங்கிக்கொண்டார். லேப்டாப்பைக் கொடுக்கும்போது அப்படி ஒரு கூலி பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வீட்டில் அண்ணன் மகள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். சேஃப் மோடில் விண்டோஸ் அத்தியாவசிய டிரைவர்களை, அதாவது திரை, ஒலி போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்களில் மிக அவசியமானவற்றை, மட்டுமே ஏற்றும். சத்தம் வராததும் படம் பெரிதாகத் தெரிவதும் அங்கே இயல்பு. நெட்வொர்க்கிங் சேர்ந்த வகையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் இணையமும் இருக்காது. உண்மையில் சாதாரணமாகத் தொடங்கும்போது மக்கர் செய்து, சேஃப் மோடில் ஒழுங்காக ஓடினால், பெரும்பாலும் குற்றவாளி ஏதோ ஒரு டிரைவர் அல்லது மென்பொருள்தான்; போர்டு மேல் பழி போட அது ஆதாரமே இல்லை.

அதைவிடக் கொடுமை, எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது சேஃப் மோடிலேயே வந்து நின்றது. விண்டோஸ் தொடங்கும் விதத்தை அமைக்கும் எம்எஸ்கான்ஃபிக்கில், பூட் என்ற பக்கத்தில், சேஃப் பூட் டிக் செய்யப்பட்டிருந்தது. அது தானாக விழுகிற டிக் இல்லை. அவள் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே டிரைவரைப் பழையபடி திருப்பினாள், டிக்கை எடுத்தாள், ரீஸ்டார்ட் செய்தாள். சரியாகிவிட்டது!

நீங்களே பார்க்க, லாகின் திரையில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் வரும் பட்டியலில் 4 சேஃப் மோட், 5 நெட்வொர்க்கிங்குடன் சேஃப் மோட். விண்டோஸ் 8-இலிருந்து பழைய எஃப்8 பொதுவாக வேலை செய்யாது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 15ஆம் பிரிவுப்படி, மதிப்பீட்டுக்கே கூலி உண்டென்றால் அதை முன்கூட்டியே சொல்லி உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். பாகம் ஏதாவது மாற்றினால் பழையதைக் கேட்டு வாங்குங்கள், 67ஆம் பிரிவு அதற்குத்தான். மாற்றிய பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதமும் உண்டு.

இதையெல்லாம் எழுதிக் கடைக்கு அனுப்பினேன், பதில் இல்லை. அடுத்தது, நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் கன்ஸ்யூமர் கூட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் அமைப்பிடம் புகார். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.