கோடு போட்டுப் பொருத்துவதா, நிறுத்தி ‘ஏன்’ கேட்பதா?

என் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு. போன வருடம் ஒரு மாதம் முழுக்க அவளுக்குக் காரணம்–விளைவுப் பயிற்சித்தாள்களை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு, நடுவில் கோடு போட வேண்டும். அப்புறம் அதை விட்டுவிட்டு, கதை படிக்கும்போதே நிறுத்தி “ஏன்?” என்று கேட்கும் முறைக்கு மாறினேன். இப்போது சாயங்காலங்களில் மதுரை செல்லூரில் எங்கள் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நாலு பேரும் வந்து உட்காருகிறார்கள்.

தாளில் வேலை சுலபம், பத்து நிமிடத்தில் முடியும். ஆனால் மழையைக் குடையோடு சேர்க்க வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம், படமே போதும். நாலு கோடு போட்டுவிட்டால் ஐந்தாவது தானாக விழும். எல்லாவற்றையும் சரியாகப் பொருத்தியவளிடம், ‘கண்மாய் நிரம்பியதால் ஆடுகளை மேட்டுக்கு ஓட்டினார்கள்’ என்ற வரியைக் காட்டி ஏன் ஓட்டினார்கள் என்று கேட்டேன். “கம்மா நெறஞ்சுச்சு, அப்புறம் ஓட்டுனாங்க” என்றாள். அவளுக்கு எல்லாமே ‘அப்புறம்’தான்.

நான் மாறியதற்கு முக்கியக் காரணம் ‘நிரம்பியதால்’ என்பதன் கடைசியில் வரும் அந்த ‘ஆல்’. தமிழில் காரணம் எப்போதும் தனிச் சொல்லாக வருவதில்லை. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. ‘மழை பெய்ததால் போகவில்லை’, ‘மழை பெய்தால் போகமாட்டேன்’, ‘மழை பெய்தாலும் போவேன்’. கூடுதலாக ஒரு ‘த’ இருந்தால் நடந்து முடிந்த காரணம். அது விழுந்தால் வெறும் நிபந்தனை. ‘உம்’ சேர்ந்தால் மழை வந்தாலும் தடையில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை ‘பெய்’ வரை வந்துவிட்டு மிச்சத்தை ஊகித்துக்கொள்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்தி, “மழை பெஞ்சிருச்சா, இன்னும் பெய்யலையா?” என்று கேட்டால் திரும்பிப் போய் வாலைப் படிக்கிறது. தாளில் இந்தத் தடுமாற்றம் நம் கண்ணுக்கே தெரியாது.

கதைக்கும் அலைய வேண்டியதில்லை. ஆவணியில் புட்டுத்தோப்புத் திருவிழாவில் பார்த்த, சிவன் கூலியாளாக வந்து பிட்டுக்கு மண் சுமந்த கதையையே கடைசியிலிருந்து கேட்கிறேன். எல்லார் முதுகிலும் ஏன் அடி விழுந்தது? பாண்டிய ராஜா கூலியாளைப் பிரம்பால் அடித்ததால். ஏன் அடித்தார்? கூலியாள் கரையை அடைக்காமல் தூங்கியதால். அந்த ஆள் ஏன் வந்தார்? பிட்டு விற்ற வந்திப் பாட்டிக்கு வேறு ஆள் இல்லாததால். வீட்டுக்கு ஓர் ஆளை ஏன் கேட்டார்கள்? வைகை கரையை உடைத்ததால். ஒரு பையன் மட்டும், “ஒருத்தர அடிச்சா எல்லாருக்கும் ஏன் வலிச்சுச்சு?” என்றான். அதற்கு மட்டும் அரைமணி நேரம் போனது. சந்தோஷமாகப் போனது.

ஐந்து பிள்ளைகளோடு பார்த்த அனுபவம்தான் எனக்கு. நாற்பது பேர் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்க நேரம் கிடைக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. அங்கே தாளும் வேண்டியிருக்கலாம். நானும் தாளை அடியோடு விடவில்லை. கதை முடிந்ததும் வெள்ளைத்தாள் கொடுத்து ஒரு வரி எழுதச் சொல்கிறேன். போன வாரம் அதே பையன் ‘பாட்டிக்கு ஆள் இல்லாதால் சாமி வந்தார்’ என்று எழுதி, ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு ‘த’வைச் செருகினான்.