காய்ச்சல்காரருக்கு எது முதலில்: பரசிற்றமோலா, ஐபுபுரோபனா?

மட்டக்களப்பில் மாரி தொடங்கியதும் எங்கள் வீட்டு மருந்துப் பெட்டியில் நான் ஒரு மாற்றம் செய்வேன். ஐபுபுரோபன் அட்டையை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துவிடுவேன். பரசிற்றமோல் மட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். வைத்தியசாலையில் எங்கள் விடுதிப் பயிற்சிக்கு வரும் தாதிய மாணவர்கள் சிலர் இதைக் கேட்டுச் சிரித்ததுண்டு. இரண்டும் காய்ச்சலைக் குறைக்கின்றன, இரண்டும் வலியைத் தணிக்கின்றன, ஐபுபுரோபன் வீக்கத்தையும் சேர்த்துக் குறைக்கிறது, அப்படியிருக்க இந்தப் பாரபட்சம் எதற்கு என்பது அவர்களின் கேள்வி. பாடக்குறிப்பில் இரண்டும் அருகருகே இரு நிரல்களில் இருப்பதால் அவை சமமானவை போலத் தோன்றுவது இயல்பே.

அந்த நிரல்களில் உள்ளதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்தவருக்குப் பரசிற்றமோல் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் முதல் 1 கிராம் வரை, 4 முதல் 6 மணித்தியாலங்களுக்கு ஒரு முறை, 24 மணித்தியாலத்துக்குள் 4 கிராமுக்கு மேற்படாமல் கொடுக்கப்படுகிறது. வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம். ஐபுபுரோபன் 200 முதல் 400 மில்லிகிராம் வரை, நாளுக்கு மூன்று வேளை, சாப்பாட்டுக்குப் பின். வைத்தியரின் பணிப்பின்றி நாளுக்கு 1,200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மாதவிடாய் வலி, பல்வலி, சுளுக்கு, மூட்டழற்சி ஆகியவற்றில் ஐபுபுரோபன் முந்துகிறது. இதில் வாதாட ஒன்றுமில்லை.

என் தெரிவைத் தீர்மானித்தது, ஒவ்வொரு மருந்தின் ஆபத்தும் எங்கே இருக்கிறது என்ற ஒரே கேள்விதான். பரசிற்றமோலின் ஆபத்து அளவில் இருக்கிறது; ஐபுபுரோபனின் ஆபத்து ஆளில் இருக்கிறது. அளவை எண்ணலாம். எத்தனை குளிசை, எத்தனை மணிக்கு, ஆளின் நிறை எத்தனை கிலோ என்று நோயாளியின் விபரம் எழுதும் டிக்கெட்டில் எழுதி வைத்தால், அடுத்த கடமைக்கு வருபவர் அதை வாசித்தே கணக்கைப் பிடித்துக்கொள்ளலாம். ஆளுக்குள் என்ன நடக்கிறது என்பதையோ, அதிலும் காய்ச்சலின் முதல் இரண்டு நாட்களில், அனுபவமுள்ள வைத்தியரும் அடித்துச் சொல்லமாட்டார். டெங்கும் எலிக்காய்ச்சலும் சாதாரண வைரசுக் காய்ச்சலும் முதல் நாளில் ஒரே முகத்தோடுதான் விடுதிக்கு வருகின்றன.

இந்த இடத்தில் மருந்து வேலைசெய்யும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஐபுபுரோபன், சைக்ளோஒக்சிஜனேஸ் என்ற நொதியத்தைத் தடுத்துப் புரொஸ்டாகிளான்டின் உருவாவதைக் குறைக்கிறது. வலியும் வீக்கமும் அடங்குவது அதனால்தான். ஆனால் இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பதும், உடலில் நீர் குறைந்த வேளையில் சிறுநீரக வடிகட்டிக்குள் குருதியைக் கொண்டுசெல்லும் நுண்நாடியை விரித்து வைத்திருப்பதும் அதே புரொஸ்டாகிளான்டின்தான். குருதிப்பெருக்கை அடைக்கக் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதற்குத் தேவையான துரொம்பொக்சேனும் அதே நொதியத்தின் வழியாகவே உருவாகிறது. அஸ்பிரின் இந்தச் சிறுதட்டுகளை அவற்றின் ஆயுட்காலமான 7 முதல் 10 நாட்களுக்கும் முடக்கிவிடுகிறது; ஐபுபுரோபனின் முடக்கம் ஏறக்குறைய ஒரு நாளில் நீங்கிவிடும். கால் சுளுக்கிய ஆரோக்கியமான இளைஞனுக்கு இவற்றால் பெரும்பாலும் ஒன்றும் நேராது. டெங்கு நோயாளியின் நிலை வேறு. அவருடைய சிறுதட்டுகள் ஏற்கெனவே குறைந்துகொண்டிருக்கின்றன, குருதிக் குழாய்களிலிருந்து திரவவிழையம் (பிளாஸ்மா) கசிந்து சிறுநீரகத்துக்குப் போகும் குருதி குறையப் போகிறது, வாந்தியால் வயிறும் புண்பட்டிருக்கிறது. பலவீனமான அந்த மூன்று இடங்களிலேயே மருந்தும் கை வைக்கிறது. பரசிற்றமோல் வழக்கமான அளவில் பெரும்பாலும் மூளையில் வேலைசெய்வதால் இம்மூன்றையும் ஏறக்குறைய தொடாமல் விடுகிறது.

2017 இல் இலங்கை முழுவதும் 186,000 க்கும் மேற்பட்ட டெங்குச் சந்தேக நோயாளிகள் பதிவானார்கள். அந்த வருடத்தில் கடமையிலிருந்த எவருக்கும் இது பாடக்குறிப்பாகத் தோன்றாது. டெங்குச் சிகிச்சைக்கான சுகாதார அமைச்சின் வழிகாட்டல், ஐபுபுரோபன், டைக்ளோபெனக், மெபனமிக் அசிட் முதலிய இவ்வகை மருந்துகள் அனைத்தையும் தவிர்க்கச் சொல்கிறது. மலவாசல் வழியாக வைக்கும் டைக்ளோபெனக் குளிசையும் இதில் அடங்கும். வாயால் விழுங்காததால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்று நினைப்பது தவறு. எவ்வழியால் போனாலும் மருந்து குருதியில்தான் கலக்கிறது, சிறுதட்டையும் சிறுநீரகத்தையும் அங்கிருந்தே தொடுகிறது.

என் வீட்டுப் பெட்டி இரண்டாகப் பிரிந்ததற்குக் காரணம் என் தம்பி. பெரும்போக நெல் வேலைக்காக வட்டை வயலுக்குப் போய் அங்கே வாடிக் குடிலில் தங்கியிருந்தவன், ஒரு மார்கழி மாதத்தில் இரண்டு நாள் காய்ச்சலோடு வீட்டுக்கு வந்தான். சட்டைப் பையில் மடித்த கடதாசி உறை ஒன்று. அதற்குள் அட்டையிலிருந்து பிரித்த மூன்று சிறிய வட்டக் குளிசைகள். உறையில் பெயர் இல்லை, "காலை, இரவு" என்பதற்கு இரண்டு கோடுகள் மட்டும் இருந்தன. என்ன குளிசை, எத்தனை போட்டாய் என்று கேட்டேன். "தெரியாதக்கா, உடம்பு நோவுக்கு எண்டு தந்தாங்க. பனடோல் கேக்கல்ல, இது நல்லாக் கேட்டிச்சு" என்றான். வாங்கிய இடத்தில் விசாரித்தபோது அது டைக்ளோபெனக் என்று தெரிந்தது. அன்றே அதை நிறுத்திவிட்டோம். மறுநாள், காய்ச்சலின் மூன்றாம் நாளில் எடுத்த முழு இரத்தப் பரிசோதனையில் சிறுதட்டுகள் இறங்கத் தொடங்கியிருந்தன. ஐந்து நாள் விடுதியில் இருந்து நலமாக வந்துவிட்டான். அந்தக் குளிசையால் அவனுக்குத் தீங்கு நேர்ந்தது என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து நாளும் உள்ளே குருதி கசிந்து அவனுடைய மலம் கறுத்திருக்கிறதா, சிறுநீர் கிலோவுக்கு மணித்தியாலத்துக்கு அரை மில்லிலீட்டராவது போகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, அவன் சொன்ன "நல்லாக் கேட்டிச்சு" என்ற சொல் எனக்கு வேறுவிதமாகவே கேட்டது.

டெங்கை ஒதுக்கி வைத்தாலும் கணக்கு மாறுவதில்லை. அம்பாறையிலும் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலும் வெள்ளாமை செய்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் அச்சம் போகத்துக்குப் போகம் உண்டு. அந்த நோய் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடியது. நாள் முழுக்க வெயிலில் நின்று, போதிய தண்ணீர் குடிக்காமல், கெண்டைக்கால் நோவோடு வருபவருக்கு நுண்நாடியைச் சுருக்கும் மருந்தைக் கொடுப்பது, ஏற்கெனவே நீர் வற்றிய வாய்க்காலின் கதவையும் இறக்கிவிடுவது போன்றது. அவர் ஐம்பது வயதைத் தாண்டியவராக இருந்து, உயர் இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது லொசார்டனும், அதனுடன் சிறுநீர் பெருக்கிக் குளிசையும் எடுப்பவரானால் நிலைமை இன்னும் மோசம். இவ்விரண்டோடு மூன்றாவதாக ஐபுபுரோபனும் சேர்வது சிறுநீரகத்தைத் திடீரென வீழ்த்தக்கூடிய கூட்டணி என்பதைத் தாதிய மாணவர் மறக்கவே கூடாது. ஆஸ்துமா, இரைப்பைப் புண், குருதி உறைவதைத் தடுக்கும் வார்பரின், 20 வாரத்தைக் கடந்த கர்ப்பம் ஆகியவையும் அதே பட்டியலில் வருகின்றன. ஐபுபுரோபனைக் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் இத்தனை. இரவு இரண்டு மணிக்கு, அரைத் தூக்கத்தில் இருக்கும் நோயாளியிடம் அத்தனைக்கும் சரியான பதில் கிடைக்கும் என்று நான் நம்புவதில்லை.

பரசிற்றமோல் அப்பாவி மருந்து என்று இதற்குப் பொருளில்லை. கிலோவுக்கு 150 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஒரே தடவையில் உட்கொண்டால் ஈரலை அழிக்க அது போதுமானது. இதில் உள்ள வஞ்சகம், முதல் நாளில் குமட்டலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் ஆள் நன்றாக எழுந்து உட்கார்ந்திருப்பதுதான். ஈரல் சேதம் உச்சத்துக்கு வருவது மூன்றாம் நான்காம் நாட்களில். மாற்றுமருந்தான அசிற்றைல்சிஸ்ரீனை எட்டு மணித்தியாலத்துக்குள் தொடங்கினால் பலன் மிக அதிகம். ஆகையால் "நான் நல்லாத்தான் இருக்கிறன்" என்று நோயாளி சொல்வதை நம்பி யாரையும் காக்க வைக்கக் கூடாது.

விடுதியில் நான் காணும் தவறுகளோ இவ்வளவு பெரியவை அல்ல, எண்ணிக்கைப் பிசகுகள். 12 கிலோ நிறையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் 180 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணி மருந்தில் அது 7.5 மில்லிலீட்டர். அதே 7.5 மில்லிலீட்டரை 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலிலிருந்து ஊற்றினால் 375 மில்லிகிராம், அதாவது இரு மடங்குக்கும் மேல். தாய்மாரிடம் "ஒன்றரைக் கரண்டி" என்று சொல்லி அனுப்பும் வழக்கத்தை நான் விட்டுவிட்டதற்கு இதுவே காரணம். போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, ஊசியில்லாத சிறிஞ்சில் கோட்டைக் காட்டிக் கொடுப்பேன். தடிமன் குளிசைகள் பலவற்றுக்குள்ளும் பரசிற்றமோல் ஒளிந்திருப்பதால், தடிமனுக்கு ஒன்று, காய்ச்சலுக்கு ஒன்று என்று இரண்டையும் போடுபவர் தெரியாமலே இரட்டிப்பாக எடுக்கிறார். 50 கிலோவுக்குக் குறைந்த வளர்ந்தவர்களுக்கு, எங்கள் பக்கத்து அம்மம்மாமார் பலர் அப்படித்தான், இரண்டு குளிசை என்பது வழக்கமான கட்டளையாக இருக்கக் கூடாது; 40 கிலோவுக்கு வேளைக்கு 600 மில்லிகிராம்தான் கணக்கு. இத்தனை பிசகுக்கும் பரிகாரம் ஒரு பேனையும் ஒரு தராசும் என்பதால்தான் நான் இதன் பக்கம் சாய்கிறேன்.

என் சாய்வுக்கு என் பணியிடமும் ஒரு காரணம் என்பதை மறைக்கவில்லை. என் காலத்தின் பெரும்பகுதி பொது மருத்துவ விடுதியிலும் சிறுவர் விடுதியிலும் போனது. எலும்பு முறிவு விடுதியில் நான் இருந்தது சில மாதங்களே. அங்கே பல வருடம் இருந்த என் தோழி, பரசிற்றமோலை மட்டும் கொடுத்து நோயாளியை நோவோடு படுக்க விடுவதும் ஒரு தவறுதான் என்பாள். சத்திரசிகிச்சைக்குப் பின் வலியால் இருமக்கூடப் பயந்து படுத்திருப்பவர்களை நினைத்தால் அவளை மறுக்க எனக்கு வாய் வராது. கட்டளை எழுதுவது வைத்தியர். கொடுக்குமுன் கேட்பது நாங்கள். காய்ச்சல் இல்லாத, நீர்ச்சத்து உள்ள, சிறுநீரகம் சீராக உள்ள ஒருவருக்குச் சில நாள் ஐபுபுரோபன் எழுதப்பட்டால் நான் தயங்காமல் கொடுப்பேன்.

வீட்டிலும் அப்படித்தான். மகளுக்கு மாதவிடாய் வலி வந்தால் பரசிற்றமோலை வைத்துக்கொண்டு அவளை வதைப்பதில்லை. சோறு சாப்பிட வைத்து, மேல்தட்டு டப்பாவை நானே இறக்கிக் கொடுப்பேன். கார்த்திகை, மார்கழி, தை மாதங்களில் மட்டும் அதற்கு முன் வெப்பமானியை அவள் அக்குளில் வைத்துப் பார்ப்பேன். அவள் முகத்தைச் சுளிப்பாள். வைத்துப் பார்க்காமல் டப்பா திறப்பதில்லை.