அப்பாவுக்குக் காது கேட்குமா?

2021 மே மாதம் லண்டனிலிருந்து ஊருக்குக் கிளம்பினேன். பிரிட்டன் ஏப்ரல் 23 அன்றே இந்தியாவைச் சிவப்புப் பட்டியலில் சேர்த்திருந்தது. திரும்பி வந்தால் பத்து நாள் ஹோட்டலில் அடைபட வேண்டும், அதற்கு 1,750 பவுண்டு. போனால் போகிறது என்று டிக்கெட் எடுத்தேன். எழுபத்தெட்டு வயது அப்பா கொரோனாவோடு ஐசியூவில் இருந்தார்.

ஊர் சேர்ந்ததும் வீட்டுத் தனிமை. மருத்துவமனைக்கு அலைந்ததெல்லாம் அண்ணன்தான். முதலில் சேர்த்த தனியார் மருத்துவமனையிலிருந்து முன்பணம் கேட்டு மட்டும் தவறாமல் போன் வந்தது. எப்படி இருக்கிறார் என்றால் ‘ஸ்டேபிள்’ என்பதோடு சரி. ஆக்சிஜன் கையிருப்பு இல்லை, வேறு இடம் பாருங்கள் என்று ஒரு நள்ளிரவில் கைவிரித்தார்கள். 108 ஆம்புலன்சில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோய், வாசலில் வெகுநேரம் காத்திருந்துதான் படுக்கை கிடைத்தது.

மறுநாள் அங்கிருந்து ஒரு சிஸ்டர் அழைத்தார். “அக்கா, அப்பாவுக்குக் காது கேட்குமா?”

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. காதுக் கருவி வீட்டு பீரோவில் கிடந்தது. அப்பா முகத்தில் மாட்டிய ஆக்சிஜன் மாஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாராம், பஸ் போய்விடும் என்றாராம். ஐசியூவில் வயதானவர்களுக்கு இப்படிப் புத்தி தடுமாறுவது சகஜம். காய்ச்சல், ஆக்சிஜன் குறைவு, கெட்டுப்போன தூக்கம், இரவும் பகலும் ஒரே விளக்கு வெளிச்சம். போதாததற்குச் சுற்றிலும் கவச உடை, முகம் தெரியாது, வாயசைவும் தெரியாது. கருவியும் கண்ணாடியும் இல்லாத மனிதர் வேறென்ன செய்வார்? கையைக் கட்டிப்போடுவது சுலபம். இந்தப் பெண் போனை எடுத்தார்.

முழு ஊரடங்கு. தெரிந்தவர் ஒருவர் கடையின் ஷட்டரைப் பாதி தூக்கி, ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டரி அட்டைகளைக் கொடுத்தார். கருவி, கண்ணாடி, பல்செட் டப்பா எல்லாவற்றிலும் பிளாஸ்திரி ஒட்டிப் பெயரும் படுக்கை எண்ணும் எழுதி அண்ணன் கவுண்ட்டரில் சேர்த்தார். மாஸ்க் பட்டை அழுத்துவதால் கருவி காதில் நிற்காத நேரங்களில், சிஸ்டர் கேஸ் தாளின் பின்பக்கம் கொட்டை எழுத்தில் எழுதிக் காட்டினார்: ‘மகள் லண்டனிலிருந்து வந்துவிட்டார்.’ அப்பா வாத்தியார் என்று தெரிந்ததும் ‘தாத்தா’ என்பதை விட்டு ‘சார்’ என்றார். அவரும் பதிலுக்கு, நீ எந்த வகுப்பு என்று விசாரித்திருக்கிறார்.

குறையும் உண்டு. கழிப்பறையைப் பற்றி எழுதாமல் இருப்பதே நல்லது. விசாரிக்கப் போனால் யாரிடம் கேட்பது என்றே தெரியாது. வீடியோவில் அப்பாவைக் காட்டியதுகூட, அந்த சிஸ்டர் தன் சொந்த போனைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, தன் டேட்டாவில்தான். அவருக்கு விடுமுறை வந்தால் எங்களுக்குத் தகவலும் விடுமுறை. வார்டுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுக்க அரசுக்கு என்ன பெரிய செலவு?

சென்னை கிண்டியில் முதியோருக்கென்றே எழுப்பிய கட்டடம் 2020 ஜூலையில் கொரோனா மருத்துவமனையானது. 2024 பிப்ரவரியில்தான் தேசிய முதியோர் நல மருத்துவமனையாகத் திறந்தார்கள். போன முறை அப்பாவை அங்கே அழைத்துப்போனோம். நடை தளர்ந்திருக்கிறது, வாய் தளரவில்லை. அவருடைய ஃபைலின் முதல் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்கும் மேலே, அண்ணன் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறார்: ‘இரண்டு காதும் மந்தம். கருவி உண்டு. பேட்டரி எண் 13.’